காப்புரிமைகளின் எண்ணிக்கை மதிப்பீடு ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேட்டரி வேதிப்பொருள், கிராஃபீன், செராமிக் பூச்சு போன்ற புதிய பொருள்களை உருவாக்கும் பெங்களூரு ஸ்டார்ட்அப்கள் குறித்த செய்திகளில், நிறுவனம் எத்தனை காப்புரிமைகள் வைத்திருக்கிறது என்ற எண்ணே முதலில் இடம்பெறுகிறது. அறிவுசார் சொத்து மதிப்பீட்டுப் பணியில் இருக்கும் நான், அல்சூர், இந்திரா நகர்ப் பகுதிகளில் வாழும் ஓய்வுபெற்ற தமிழ்ப் பொறியாளர்கள் பலர் அந்த எண்ணை நம்பியே தங்கள் சேமிப்பை முதலீடு செய்வதைக் கவலையோடு பார்க்கிறேன்.

அண்மையில் நான் ஆராய்ந்த ஒரு நிறுவனம் 12 காப்புரிமைகள் இருப்பதாக முதலீட்டாளர்களிடம் கூறியிருந்தது. அவற்றில் 9 வெறும் விண்ணப்பங்கள். வழங்கப்பட்ட மூன்றில் இரண்டு, கண்டுபிடிப்பு நிகழ்ந்த ஆராய்ச்சிக்கூடத்தின் பெயரில் இருந்தன. நிறுவனத்திடம் இருந்ததோ நாளை போட்டியாளருக்கும் கிடைக்கக்கூடிய பொது உரிமம் மட்டுமே. எஞ்சிய ஒன்றின் முதன்மை உரிமைக்கோரல் (எதைக் காக்கிறது என்று காப்புரிமையில் வரையறுக்கும் வாசகம்), பேட்டரியின் நேர்மின்முனையான கேத்தோடுக்குரிய தூளை 700 முதல் 750 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிச் சுடும் முறையை மட்டும் காத்தது. 800 டிகிரியில் சுட்டு அதே தரத்தை எட்டுபவரை அந்தக் காப்புரிமையால் தடுக்க முடியாது.

மருந்துத் துறையில் ஒரு மூலக்கூறைக் காக்கும் உரிமையே பெரும்பாலும் வணிகத்தைத் தாங்கி நிற்கும். பொருள் அறிவியலிலோ, கிலோ கணக்கில் கிடைத்த தரத்தை டன் கணக்கிலும் மாறாமல் எடுக்கும் கைத்திறனில்தான் மதிப்பின் பெரும்பகுதி இருக்கிறது. அது காப்புரிமையில் எழுதப்படாத தொழில் ரகசியம், இரண்டு பொறியாளர்கள் விலகினால் அவர்களுடனேயே போய்விடக்கூடியது.

காலமும் கணக்கில் வர வேண்டும். காப்புரிமையின் ஆயுள் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள்தான். லித்தியம் இரும்பு பாஸ்பேட் கேத்தோடு 1990களின் நடுவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினரால் கண்டறியப்பட்டது. அது உலகெங்கும் மின்வாகனங்களில் பெருமளவு இடம்பிடித்தபோது அடிப்படைக் காப்புரிமைகளின் ஆயுள் முடியும் தறுவாயில் இருந்தது.

இந்தியக் கணக்கியல் தரநிலை 38, ஆராய்ச்சிக் கட்டச் செலவைச் சொத்தாகக் காட்ட அனுமதிப்பதில்லை என்பதால், இருப்புநிலைக் குறிப்பும் முதலீட்டாளருக்கு அதிகம் உதவாது. எனவே மதிப்பீட்டாளர்கள் வருங்கால விற்பனையையும், காப்புரிமையைப் பயன்படுத்த விற்பனையில் தரப்படும் பங்கான ராயல்டியின் விகிதத்தையும் ஊகித்துக் கணக்கிடுகின்றனர். விற்பனையே தொடங்காத நிலையில் ராயல்டியை 2 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினால் மதிப்பு இரட்டிப்பாகிவிடுகிறது. சோடியம் அயனி பேட்டரி நிறுவனமான ஃபாரடியனை 10 கோடி பவுண்டு மதிப்பில் வாங்குவதாக ரிலையன்ஸ் 2021 டிசம்பரில் அறிவித்ததை அளவுகோலாகக் கொள்வோரும் உண்டு. அந்த விலை காப்புரிமைகளுக்கு மட்டுமல்ல, ஒரு முழு நிறுவனத்துக்கும் அதன் ஆய்வுக் குழுவுக்கும் சேர்த்துத் தரப்பட்டது.

ஆகவே, இத்தகைய நிறுவனங்களைப் பற்றி எழுதும்போது, காப்புரிமை வழங்கப்பட்டதா விண்ணப்ப நிலையிலா, யார் பெயரில், எந்தெந்த நாடுகளில் என்பவற்றையும் சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்தியக் காப்புரிமைகளின் நிலையையும், ஆண்டுக் கட்டணம் செலுத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். முதலீட்டாளர்களும் விலை பேசுவதற்கு முன்பே, நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒரு பொருள் அறிவியலாளரிடம் உரிமைக்கோரல்களைக் கொடுத்து, அவற்றைச் சுற்றிச் செல்ல வழியுண்டா என்று எழுத்தில் கருத்துப் பெற வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.