லெட்வில் மலைப்பாதையில் என்னை ஓட வைத்தவர்களுக்கு

மலேசியா, சுங்கை சிப்புட் சொந்தங்களுக்கு வணக்கம். பேர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் முன்கூட்டியே சொல்லிவிட்டீர்கள், அதனால் யார் பேரும் இதில் வராது, ஆனால் படிக்கும்போது அவரவருக்குத் தெரியும். "ஓடுறதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகணுமா, பாடாங் திடலை நாலு சுத்து சுத்தினா ஆகாதா" என்று கேட்ட மாமாவுக்கும் சேர்த்துத்தான் நன்றி. கேட்டதையும் கேட்டுவிட்டு, என் ஓட்டத்துக்காகப் போட்ட மொய் நோட்டில் முதல் வரி எழுதியவரும் அவர்தான்.

தெரியாதவர்களுக்காக: போன இடம் கொலராடோ மாநிலத்து லெட்வில். ராக்கி மலையில் 3,000 மீட்டருக்கு மேலே இருக்கிற சுரங்க ஊர் (நம்ம கொர்பு மலை உச்சியே 2,183 மீட்டர்தான், பார்த்துக்கொள்ளுங்கள்). ஊரைச் சுற்றி, நான் ஓடின மினரல் பெல்ட் டிரெயில் என்று தார் போட்ட பாதை, 11.6 மைல், அதாவது 18.7 கிலோமீட்டர், சில இடங்களில் அந்தக் காலத்துச் சுரங்க ரயில் போன தடத்திலேயே போகிறது. காரும் மோட்டார் சைக்கிளும் உள்ளே வர முடியாது.

முதலில் டிரஸ்ஸர் ஐயா, தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தவர். அந்த ஆஸ்பத்திரி எப்போதோ மூடிவிட்டது, ஆனால் எங்களுக்கு அவர் இன்னும் டிரஸ்ஸர் ஐயாதான். அங்கே காற்றில் ஆக்ஸிஜனே இருக்காது என்று ஊரே பயமுறுத்தியபோது, பெட்ரோல் ஸ்டேஷன் வாசலில் என்னை நிற்க வைத்து, "அங்கேயும் 21 விழுக்காடுதாம்மா, காத்தோட அழுத்தம்தான் கம்மி, நம்ம ஊர்ல இருக்கிறதுல 70 விழுக்காடு அளவுக்குத்தான் இருக்கும், அதனால ஒவ்வொரு மூச்சிலயும் உள்ள போறது குறையும்" என்று பொறுமையாக விளக்கினார். ரத்தத்தில் சிவப்பணு கூடி உடம்பு பழகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும், நமக்கு எந்த முதலாளி அவ்வளவு லீவு கொடுப்பான், ஆகவே 1,600 மீட்டரில் இருக்கிற டென்வரில் முதலில் தங்கு, மேலே போன அன்றைக்கு ஓடாதே, தலைவலியோடு வாந்தியும் வந்தால் ஏறாதே, நிற்கவில்லை என்றால் கீழே இறங்கிவிடு என்று வரிசையாகச் சொன்னார். உயரத்தால் வரும் நோய்க்கான அசிட்டஸோலமைடு மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள் என்றாரே தவிர, தானாக எதையும் எழுதித் தரவில்லை. அதுதான் அவர்.

அப்புறம் காய்கறி லோரி தம்பி. கேமரன் மலைக்குக் காலி லோரி ஏறும்போதெல்லாம் எங்களையும் சிம்பாங் பூலாய் பாதையில் ஏற்றிக்கொண்டு போனதால்தான் பிரிஞ்சாங் மலை ரோட்டில், தேயிலைக்கு நடுவே, 2,000 மீட்டர் உயரத்தில் ஏறி ஓடிப் பழக முடிந்தது. ஒரு காசு வாங்கவில்லை. இருட்டோடு கிளம்பும் எங்களுக்காகவே சீக்கிரம் கடை திறந்த நாசி லெமாக் விற்கும் மலாய்க்கார அம்மா, மக்சிக்குக்கு இந்தத் தமிழ் புரியாது, நேரில் சொல்லிவிட்டேன்.

எல்லாரையும்விட அதிகமாக நன்றி சொல்ல வேண்டியது ஒருவருக்கு. ஈய லம்பத்தில், அதாவது சுரங்கத்தில், மண் கழுவுகிற பாலோங் தொட்டி மேல் நின்று வேலை செய்து, 1985இல் ஈய விலை விழுந்தபோது வேலை போன தாத்தா. எல்லாரும் என் டைம் என்ன வரும் என்று கேட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும், "டைம் யாருக்கு வேணும்? அங்க மண்ணை எப்படிக் கழுவினான், கழிவை எங்க கொட்டினான், தண்ணி எங்க போச்சு, அதைப் பார்த்துட்டு வா" என்றார். தாத்தா, உங்களுக்குப் பதில் கொஞ்சம் நீளம், பேத்தியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

1860இல் அங்கே கலிஃபோர்னியா கல்ச் என்ற பள்ளத்தாக்கில் தங்கம் கிடைத்திருக்கிறது. கழுவினது உங்கள் பாலோங் மாதிரியேதான், சரிவான மரத்தொட்டி, குறுக்கே கட்டைகள், தண்ணீரோடு மண்ணை விட்டால் கனமானது அடியில் தங்கும். ஆனால் கறுப்பாகக் கனமான மணல் ஒன்று வந்து கட்டைகளை அடைத்துக்கொண்டே இருந்ததாம், திட்டிக்கொண்டே அள்ளி வீசியிருக்கிறார்கள். 1870களில் சோதித்துப் பார்த்தால் அது வெள்ளி கலந்த காரீயத் தாது! ஈயம் கழுவி மிஞ்சின மணலான நம் லம்பத்து ஆமாங் கதைதான் அங்கேயும், வேண்டாம் என்று கொட்டி வைத்ததற்குப் பின்னால் விலை வந்தது. அதற்கப்புறம்தான் அந்த ஊரில் கூட்டம். 1880 கணக்கெடுப்பில் 14,000 பேருக்கு மேல் இருந்த ஊரில் இப்போது 3,000 பேர்கூட இல்லை.

கழிவைக் கேட்டீர்களே, எங்கேயும் கொண்டு போகவில்லை, பாதை ஓரமாகவே குவிந்து கிடக்கிறது. கிழக்குப் பக்கம் பாதை 3,200 மீட்டரைத் தாண்டி ஏறும்போது மஞ்சளும் காவியுமாக மேடு மேடாக வருகிறது, நடுவில் சுரங்க வாயில் மேல் நின்ற மரக்கோபுரங்கள் சில இன்னும் சாயாமல் நிற்கின்றன. எனக்கு அந்த இடத்தில் மூச்சு வாயாலும் வந்தது மூக்காலும் வந்தது, ஓட்டம் என்று சொல்லிக்கொள்வது மரியாதைக்குத்தான். அந்தப் பக்கத்தில்தான் மேட்ச்லெஸ் சுரங்கமும். அதை வைத்து ஹொரேஸ் டேபர் என்பவர் பெரிய பணக்காரரானார், 1893இல் அரசாங்கம் வெள்ளி வாங்குவதை நிறுத்த விலை விழுந்து எல்லாம் போனது, அவர் மனைவி பேபி டோ அந்தச் சுரங்கத்துக் குடிசையிலேயே தனியாகக் கிடந்து 1935இல் இறந்தார்.

தண்ணீர்தான் பெரிய கதை. சுரங்கங்களில் ஊறுகிற தண்ணீரை வடிக்க யாக் டனல் என்று மலைக்குள் மைல்கணக்கில் குடைந்தார்கள், அது அமிலத்தையும் உலோகத்தையும் சுமந்துகொண்டு கலிஃபோர்னியா கல்ச் வழியாக ஆர்கன்சா ஆற்றில் போய் விழுந்தது. 1983இல் மத்திய அரசு அந்த இடத்தைக் கட்டாயமாகச் சுத்தம் செய்ய வேண்டிய நச்சு நிலங்களின் பட்டியலில் சேர்த்தது, இப்போது டனல் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் வெளியே விடுகிறார்கள். அதே 1983இல்தான், பக்கத்து கிளைமேக்ஸ் சுரங்கம் மூடி ஊரே வேலையில்லாமல் நின்றபோது, கென் க்ளோபர் என்ற சுரங்கத் தொழிலாளி 100 மைல் ஓட்டம் ஒன்றை ஆரம்பித்து ஆட்களை ஊருக்கு வர வைத்திருக்கிறார். நான் ஓடின மினரல் பெல்ட் பாதை 2000இல் வந்தது.

வழி நெடுக அறிவிப்புப் பலகைகள், எந்தச் சுரங்கம், என்ன எடுத்தார்கள், என்ன நடந்தது என்று. உண்மையைச் சொன்னால் எனக்கு வயிற்றெரிச்சல். கிந்தா பள்ளத்தாக்கில் நம் பழைய லம்பங்கள் குளமாகவும் தாமான் வீடுகளாகவும் மாறிவிட்டன, மீன் பிடிக்கிற பையனுக்கு அது எப்படி வந்த குளம் என்றே தெரியாது. என் பாட்டி செம்மோர் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் நின்று டூலாங் தட்டில் ஈய மண் கழுவியவர், அந்த இடத்தில் ஒரு பலகையாவது இருக்கிறதா?

லெட்வில்லில் தங்க இடம் கொடுத்த அம்மாவுக்கும் நன்றி. மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் வரும், விடிந்ததும் போய்விடு என்றார், அவர் சொன்ன மாதிரியே வந்தது, நான் அதற்குள் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். மேற்குப் பக்கம் எல்பர்ட் மலை தெரிகிற புல்வெளியில் நான் குனிந்து நின்றதைப் பார்த்து சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து தண்ணீர் கொடுத்த தாத்தாவுக்கும்.

வீட்டைப் பற்றி அதிகம் எழுதினால் மாமியார் கோபிப்பார். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதோடு புளிக்காய்ச்சலும் கட்டிக் கொடுத்தார், அந்தக் குளிரில் அது எனக்கு எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியும்.

மொய் நோட்டில் மிஞ்சியதைத் தமிழ்ப் பள்ளி ஓட்டக்காரப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கக் கொடுக்கிறோம், கணக்கு லோரி தம்பியிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். படங்களை ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் போட்டுக் காட்டுகிறேன். பாலோங் தாத்தாவுக்கு முன் வரிசையில் இடம் போட்டு வையுங்கள், அவர் கேள்வி இன்னும் முடியவில்லையாம்.