பரணில் கிடக்கும் வீல்சேர்

மாப்ள,

வீட்டில் எல்லாரும் நலம். உன் வீட்டுத் தென்னை இரண்டும் தாக்குப்பிடித்து நிற்கின்றன, சாவி அக்காவிடம் இருக்கிறது, தங்கச்சிமடத்துச் செய்தி அவ்வளவுதான். நான் எழுத வந்தது வேறு.

கோயிலை ஒட்டிப் பழைய மறைக்கல்வி அறை இருக்கிறதே, ஜெபம் தெரியாமல் நீ முழங்காலில் நின்ற அதே அறை, அதில் இப்போது வீல்சேர் பட்டறை போட்டிருக்கிறோம். மதுரையில் உள்ள ஒரு கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு, வேண்டாம் என்று ஒதுக்கிய நாற்காலிகளைச் சேர்த்து அனுப்புகிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் நாங்கள் உட்கார்ந்து பழுது பார்க்கிறோம். போட் மெக்கானிக்குகள், பாலிடெக்னிக் பையன்கள், அப்புறம் டெய்லர் அண்ணாச்சி. அவர் உன் அரைக்கால்சட்டைக் கதையை இன்னும் விடவில்லை.

ஃபாதர் முதல் நாள் ஒன்று சொன்னார். அமெரிக்காவில் ஜோனி எரிக்சன் டாடா என்று ஒரு அம்மா, 1967-இல் பதினேழு வயதில் செசாபீக் விரிகுடாவில் தலைகீழாகக் குதித்துக் கழுத்து முறிந்தது, கை கால் அசையாது. அவர் தொடங்கிய அமைப்பு 1994-இலிருந்து பழைய வீல்சேர்களைத் திரட்டிப் பல நாடுகளுக்கு அனுப்புகிறது, அவற்றைப் பழுது பார்ப்பவர்களில் சிறைக்கைதிகளும் உண்டாம். படகுத்துறையிலிருந்து தலைகீழாகக் குதித்து வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லாரும், பையன்கள் கப்சிப் ஆகிவிட்டார்கள்.

வேலை எப்படி என்று கேட்பாய். முன்சக்கரத்தைக் கழற்றினால் அச்சில் தலைமுடி, நூல், நம்ம ஊர் வண்டியாக இருந்தால் தூண்டில் நரம்பு, எல்லாம் இறுகச் சுற்றிக் கிடக்கும். பிளேடால் அறுத்து எடுத்தால் உள்ளே பேரிங் உப்பில் பூத்து அசையாமல் நிற்கும். அலுமினியச் சட்டத்தில் இரும்பு ஸ்க்ரூ போட்டிருந்தால் இன்னும் மோசம், உப்புக்காற்றில் இரண்டும் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும், ராத்திரி முழுக்க டீசலில் ஊறப்போட்டாலும் சில சமயம் தலை உடைந்துதான் வரும். இதெல்லாம் நம்ம ஆட்களுக்குக் கைவந்த வேலை.

என் கவலை அளவு பற்றியது. பாம்பன் பக்கம் பனையேறும் அண்ணன் ஒருவர், மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஏதோ ஒரு விழாவில் அவருக்குப் புது நாற்காலி கொடுத்திருக்கிறார்கள், பதினெட்டு அங்குல இருக்கை. மனுஷன் ஒல்லி. ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறார், ரெக்சின் வேறு தூளி மாதிரித் தொய்ந்துவிட்டது, மெத்தையும் கிடையாது. சாய்ந்த பக்கம் எலும்பு அழுத்தி அழுத்திப் புண். அவருக்கு வலி தெரியாது இல்லையா, நாற்றம் வந்த பிறகுதான் அவர் அம்மா கண்டுபிடித்தார். நான் அந்தப் புண்ணைப் பார்த்தேன் மாப்ள. உள்ளே விரல் போகும். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இப்படிப் புண்ணில் கிருமி ஏறி இறந்துபோகிறவர்கள் உண்டு என்று டிரெஸ்ஸிங் பண்ண வருகிற சிஸ்டர் சொன்னார். அவருக்கு ஒடுக்கமான நாற்காலி ஒன்றைத் தேடிப்பிடித்து, அடியில் பிளைவுட் பலகை, மேலே நல்ல ஃபோம் வெட்டி வைத்துத் தயாராக நிறுத்தியிருக்கிறோம். புண் ஆறும்வரை உட்காரக் கூடாது என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

உலக சுகாதார நிறுவனம் 2008-லேயே இதைப் பற்றி வழிகாட்டி போட்டிருக்கிறது. நாற்காலி ஆளுக்கும் பொருந்த வேண்டும், அவர் புழங்கும் இடத்துக்கும் பொருந்த வேண்டும். நம்ம இடம் மணல்! மெல்லிய முன்சக்கரம் குத்திக்கொண்டு நின்றுவிடும், பின்பக்கமாகத் திருப்பி இழுத்தால்தான் நகரும். ஆகவே அகலமான முன்சக்கரம் உள்ளதைக் கரையோர வீடுகளுக்கென்று தனியாக எடுத்து வைக்கிறோம்.

ஆனால் சந்தியாகப்பர் திருவிழாவில் மேடை போட்டு மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்று எங்களுக்குள்ளேயே ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. நல்ல மனசுதான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய் இடுப்பு அகலம், தொடை நீளம், முழங்காலிலிருந்து குதிகால்வரை அளந்து, உட்கார வைத்து, எலும்புக்கு அடியில் கை விட்டு அழுத்தம் பார்த்து, வாசல்படி எப்படி என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். லேட் ஆகட்டும். போன ஞாயிறு இதற்காகக் கத்தியே விட்டேன். ஃபாதர் என் பக்கம் வந்துவிட்டார், மற்றவர்கள் முகம் இன்னும் சரியில்லை.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். எங்களிடம் இருப்பது பெரும்பாலும் அந்தப் பதினெட்டு அங்குலம்தான். சின்ன அளவும் பிள்ளைகளுக்கானதும் கிடைப்பதில்லை. உன் அப்பார்ட்மெண்டில் எத்தனை வீட்டுப் பரணில் அப்பாவுடையது, அம்மாவுடையது என்று ஒன்று தூசி படிந்து கிடக்கும்! கொடுக்க மனசு வராமல் வைத்திருப்பார்கள், பக்குவமாகக் கேள். சங்கத்துச் செயலாளர் என்று அலட்டுகிறாயே, இதற்காவது அந்தப் பதவி உதவட்டும். துரு, பஞ்சர், கிழிந்த சீட் எதுவானாலும் பரவாயில்லை. கால் பலகை இரண்டும் இருக்கிறதா என்று மட்டும் பார், கழற்றி வைத்த இடம் மறந்திருப்பார்கள், கட்டிலுக்கு அடியில் தேடச் சொல். இருக்கை அகலத்தை டேப் வைத்து அளந்து போட்டோவோடு அனுப்பு.

லாரி வாடகையை அந்த மதுரை அமைப்பு கொடுத்துவிடும். முடிந்தால் நீயும் வா, புதுப் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ரயில் மறுபடி ராமேசுவரம்வரை வருகிறது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். பதிலை வாய்ஸ் மெசேஜாக அனுப்பாதே, நீ பேசினால் பாதி புரியாது, எழுது.