ஹார்மோன் சிகிச்சைக்கு 'வேண்டாம்' என்ற ஒரே பதில் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதவிடாய் நிற்கும் பருவத்தில், உடலில் குறையும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை மருந்தாகக் கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சையை எடுத்துக்கொள்ளலாமா என்பது மகளிர் பக்கங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் கேள்வி. பெரும்பாலும் கிடைக்கும் பதில் இரண்டே வரி: "புற்றுநோய் வரும், வேண்டாம். இயற்கையாக வருவதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்." இதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் கேட்பவரின் வயது என்ன, கருப்பை இருக்கிறதா, சினைப்பைகள் இருக்கின்றனவா, எந்த மருந்தை எந்த வழியில் எடுக்கப்போகிறார் என்ற நான்கும் தெரியாமல் இந்தக் கேள்விக்கு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

பயத்தின் வேர் 2002 ஜூலையில் இருக்கிறது. அமெரிக்காவின் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வில் கருப்பை உள்ள 16,608 பெண்கள் சேர்க்கப்பட்டிருந்தார்கள். வயது 50 முதல் 79 வரை, சராசரி 63. கொடுத்த மருந்து, சினைக்குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் 0.625 மி.கி., அதோடு புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோனான மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் 2.5 மி.கி. சேர்ந்த மாத்திரை. பாதியில் நிறுத்தப்பட்ட அந்த ஆய்விலிருந்து உலகெங்கும் தலைப்பாகப் போனது, 'மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுகிறது' என்ற செய்தி. தலைகளை எண்ணிப் பார்த்தால் கணக்கு வேறுமாதிரித் தெரியும். ஆண்டுக்கு 10,000 பெண்களில், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. மருந்து எடுத்தவர்களில் 38 பேருக்கு வந்தது. பக்கவாதம் 21 என்பது 29 ஆனது. நுரையீரலில் ரத்தக்கட்டு 8 என்பது 16 ஆனது. அதே கணக்கில் இடுப்பெலும்பு முறிவு 15 என்பது 10 ஆகவும், பெருங்குடல் புற்றுநோய் 16 என்பது 10 ஆகவும் குறைந்தன. இந்த இரண்டு வரிகள் தலைப்புக்கு வரவில்லை. கருப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவில் பக்கவாதம் கூடியது. மார்பகப் புற்றுநோய் கூடவில்லை.

இதைச் சொல்வதால் ஆபத்தே இல்லை என்று ஆகிவிடாது. 2019இல் லான்செட் இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு, 50 வயதில் தொடங்கி இரு ஹார்மோன்களையும் தினமும் 5 ஆண்டு எடுப்பவர்களில், அடுத்த 20 ஆண்டுகளில் 50 பேருக்கு ஒருவர் வீதம் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வரலாம் என்று மதிப்பிட்டது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் 200 பேருக்கு ஒருவர். இது மேலைநாட்டுப் பெண்களின் கணக்கு. ஆனாலும் சிகிச்சையைத் தொடங்குமுன் ஒவ்வொரு பெண்ணிடமும் இந்த எண்ணைச் சொல்லிவிட வேண்டும். எண்ணைக் கேட்ட பிறகு ஒருவர் 'எனக்கு வேண்டாம்' என்றால் அது அவர் முடிவு. எண்ணே சொல்லாமல் வெறும் பயத்தைக் கொடுத்து அனுப்புவதுதான் தவறு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 நவம்பரில், இந்த மருந்துகளின் மேல் கறுப்புக் கட்டத்துக்குள் அச்சிடப்பட்டிருந்த மிகக் கடுமையான எச்சரிக்கையின் பெரும்பகுதியை நீக்குவதாக அறிவித்தது. ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்கள்: கருப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் கருப்பைப் புற்றுநோய் வரலாம் என்ற எச்சரிக்கை.

நம் நாட்டில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. குப்பென்று முகத்திலும் நெஞ்சிலும் சூடு ஏறுவது, நடுராத்திரியில் நைட்டி நனைய வியர்ப்பது, தூக்கம் கெடுவது, காரணமில்லாத எரிச்சல், மூட்டு வலி எல்லாம் அதற்கு முன்பே தொடங்கிவிடும். சூடு ஏறும் தொல்லை சராசரியாக 7 ஆண்டுக்கு மேல் நீடிக்கிறது. 'ஆறு மாதம் பொறுத்துக்கொள்' என்று ஆறுதல் சொல்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் லேசாக வியர்க்கிறது என்பவருக்கு மருந்து தேவையில்லை. தூக்கம் போய், வேலைக்குப் போக முடியாமல் தவிப்பவருக்கு, 60 வயதுக்குள் அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் தொடங்கினால், பெரும்பாலும் நன்மையே கூடுதல். 65 வயதில் 'இதயத்துக்கு நல்லதாம், ஞாபக மறதி வராதாம்' என்று புதிதாகத் தொடங்குவது கூடாது.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், கல்லீரல் நோய் இருப்பவர்கள் தாங்களாக எந்த ஹார்மோனையும் தொடக்கூடாது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இன்னொன்றையும் நம் ஊரில் மறக்கக்கூடாது. இரவு வியர்வையோடு மாலைக் காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடைக் குறைவு இருந்தால் அதை மெனோபாஸ் என்று விட்டுவிடக்கூடாது. சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். தைராய்டு கூடினாலும் இதே படபடப்பும் வியர்வையும் வரும் என்பதால் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்ப்பது நல்லது. சினைப்பைகளைத் தூண்டும் ஹார்மோனை ரத்தத்தில் அளக்கும் எஃப்.எஸ்.எச். பரிசோதனை, 45 வயதைத் தாண்டியவருக்குப் பெரும்பாலும் வீண்செலவு. அந்த அளவு வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும், அறிகுறியே போதும். அந்தப் பணத்தை மார்பக எக்ஸ்-ரேயான மேமோகிராமுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி மருந்து. சூட்டைத் தணிப்பது ஈஸ்ட்ரோஜன்தான். ஆனால் அது தனியாகப் போனால் கருப்பையின் உள்சவ்வைத் தடிக்க வைத்துக்கொண்டே போகும். வருடங்கள் கழித்து அது புற்றாக மாறலாம். எனவே கருப்பை உள்ளவர் புரோஜெஸ்டிரோனையும் சேர்த்தே எடுக்க வேண்டும். இயற்கையானதை ஒத்த மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் என்றால் தினமும் இரவு 100 மி.கி., அல்லது மாதத்தில் 12 முதல் 14 நாள் 200 மி.கி. இரண்டாவது முறையில் மாதாமாதம் ரத்தப்போக்கு வரும். மாதவிடாய் முழுதாக நிற்காதவர்களுக்கு அது பொருந்தும். இந்த மாத்திரை தூக்கத்தைக் கொடுக்கும், ஆகவே படுக்கப்போகும்போது விழுங்க வேண்டும். காலையில் விழுங்கிவிட்டு, தலை சுற்றுகிறது என்று அதை மட்டும் நிறுத்திவிட்டு ஈஸ்ட்ரோஜனைத் தொடர்பவர்கள் இருக்கிறார்கள். இந்தச் சிகிச்சையில் நடக்கக்கூடிய மிக மோசமான பிழை அதுதான். சில தயாரிப்புகளில் வேர்க்கடலை எண்ணெய் உண்டு, கடலை ஒவ்வாதவர்கள் அட்டையைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

ஈஸ்ட்ரோஜனில் எஸ்ட்ராடையால் மாத்திரை 1 மி.கி.யில் தொடங்கி, தேவைப்பட்டால் 2 மி.கி. வரை போகலாம். வாய்வழி எடுத்தது முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ரத்தம் உறையும் பொருள்களைக் கூட்டிவிடுகிறது. தோல்வழி போனால் கல்லீரலைத் தாண்டி நேரே ரத்தத்தில் கலக்கிறது. வழக்கமான அளவில் ரத்தக்கட்டு ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை. உடல் எடை அதிகம் உள்ளவர், சர்க்கரை நோயாளி, கண்ணில் மின்னலடித்து ஒற்றைத் தலைவலி வருபவர் ஆகியோருக்கு ஜெல் அல்லது ஒட்டும் பட்டைதான் சரி. 0.06 சதவீத ஜெல்லில் 2.5 கிராம் எடுத்தால் 1.5 மி.கி. எஸ்ட்ராடையால் கிடைக்கும், பாதியில் தொடங்கி ஏற்றலாம். குளித்து ஈரம் முழுதும் துடைத்த பிறகு, எண்ணெயோ பவுடரோ இல்லாத மேல்கையிலோ தொடையிலோ அகலமாகத் தடவி, 5 நிமிடம் உலரவிட்டுத் துணி உடுத்த வேண்டும். மார்பில் தடவக்கூடாது. ஒரு மணி நேரம் அந்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பேரக்குழந்தையைத் தூக்கினால் மருந்து குழந்தையின் தோலில் ஏறிவிடும். பட்டை வாரத்துக்கு இரு முறை இடுப்புக்குக் கீழே இடம் மாற்றி ஒட்ட வேண்டியது. சித்திரை வெயிலில் வியர்வையில் கழன்றுவிடுகிறது என்றால் ஜெல்லுக்கு மாறிவிடுவதே மேல்.

பலன் 4 வாரத்தில் தெரியத் தொடங்கும், முழுதாகத் தெரிய 3 மாதம் ஆகலாம். பத்து நாளில் 'கேட்கவில்லை' என்று அளவைக் கூட்டக்கூடாது. முதல் 3 முதல் 6 மாதம் அவ்வப்போது திட்டுத்திட்டாக ரத்தம் படலாம். அதற்குப் பிறகும் வந்தாலோ, அதிகமாக வந்தாலோ, மருந்தே எடுக்காதவருக்கு ஒரு வருடம் நின்று மறுபடி வந்தாலோ, 'தீட்டு திரும்பிவிட்டது' என்று வீட்டில் இருந்துவிடக்கூடாது. பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில் கருப்பை உள்சவ்வின் தடிமன் 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும்.

மருந்துக்கடையில் குழப்பம் அதிகம். கோயிலுக்குப் போக, கல்யாணத்துக்குப் போகத் தள்ளிப்போடும் 5 மி.கி. நாரெத்திஸ்டிரோன் மாத்திரை இந்தச் சிகிச்சை அல்ல. கருத்தடை மாத்திரையும் இந்தச் சிகிச்சை அல்ல. பெரும்பாலான கருத்தடை மாத்திரைகளிலுள்ள ஈஸ்ட்ரோஜன், இந்தச் சிகிச்சையில் கொடுப்பதைவிடப் பல மடங்கு வீரியம் கொண்டது. ஹார்மோன் சிகிச்சை கருத்தரிப்பதைத் தடுக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 50 வயதுக்குள் நின்றவர் 2 ஆண்டும், அதற்குப் பிறகு நின்றவர் ஓராண்டும் கருத்தடையைத் தொடர வேண்டும்.

சூடே இல்லாமல், பிறப்புறுப்பு வறட்சி, எரிச்சல், தாம்பத்தியத்தில் வலி, அடிக்கடி சிறுநீர்த்தொற்று மட்டும் உள்ளவர்கள் ஏராளம். இதை மகளிடம்கூடச் சொல்வதில்லை. இவர்களுக்கு மாத்திரையே தேவையில்லை. எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் கிரீம் 0.5 கிராம், இரவில் உள்ளே வைப்பது, முதல் 2 வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு 2 நாள். ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்வதால் கூடவே புரோஜெஸ்டிரோன் வேண்டாம்; வருடக்கணக்கில் தொடரலாம். நிறுத்தினால் தொல்லை திரும்பும். டப்பாவோடு வரும் தாளில் மாத்திரைக்குரிய எச்சரிக்கைகளே அச்சிடப்பட்டிருப்பதால் பயந்து தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர் மட்டும் தன் புற்றுநோய் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

ஹார்மோன் கூடாதவர்களுக்கு, மனச்சோர்வு மருந்தான வென்லாஃபாக்சின் 37.5 முதல் 75 மி.கி., அல்லது வலிப்பு மருந்தான கேபாபென்டின், இரவில் 300 மி.கி.யில் தொடங்கி, சூட்டைக் குறைக்கும். மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்சிஃபென் மாத்திரை எடுப்பவருக்கு, பராக்சிடின் என்ற மனச்சோர்வு மருந்தைக் கொடுக்கக்கூடாது. அது டாமாக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கும்.

கடைசியாகச் சொல்வதுதான் எங்களை இந்தக் கடிதம் எழுத வைத்தது. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள பெண்களில் 100க்கு 3 பேருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருக்கிறது என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அவர்களில் ஒரு பகுதியினருக்குச் சினைப்பைகளும் சேர்த்து எடுக்கப்பட்டுவிட்டன. 38 வயதில் இரண்டு சினைப்பைகளும் போனவருக்கு மெனோபாஸ் படிப்படியாக வருவதில்லை, ஒரே நாளில் வருகிறது. எலும்பு தேய்வதும் இதயநோய் ஆபத்தும் எட்டு ஒன்பது ஆண்டு முன்னதாகவே தொடங்கிவிடுகின்றன. சராசரி 63 வயதுப் பெண்களிடம் எடுத்த 2002 ஆய்வின் எண்கள் இவருக்குப் பொருந்தாது. தடை எதுவும் இல்லாவிட்டால் இவர் சுமார் 50 வயது வரை ஈஸ்ட்ரோஜன் எடுப்பதே மருத்துவம். எடுக்காமல் விடுவதுதான் ஆபத்து. பலருக்கு 2 மி.கி. அளவு தேவைப்படும். கருப்பை இல்லாததால் புரோஜெஸ்டிரோன் வேண்டாம். கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் கடுமையாக இருந்தவருக்கு மட்டும் அது தேவைப்படலாம். 'புற்றுநோய் வரும், வேண்டாம்' என்ற இரண்டு வரிப் பதில் அதிகம் கெடுப்பது இந்தப் பெண்களைத்தான்.

இவர்களில் பலருக்கு என்ன எடுத்தார்கள் என்பதே தெரியாது. 'கர்ப்பப்பையை எடுத்தாச்சு' என்பதோடு சரி. வீட்டு பீரோவில் இருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் பதில் இருக்கிறது. அறுவைச் சிகிச்சையின் பெயருக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் பி.எஸ்.ஓ. என்று மூன்று எழுத்து இருந்தால் இரண்டு சினைப்பைகளும் கருக்குழாய்களும் எடுக்கப்பட்டுவிட்டன என்று பொருள். அறுவை நடந்தபோது வயது 45க்குக் கீழ் என்றால் அந்தத் தாளோடு மகளிர் நல மருத்துவரைப் பார்க்க வேண்டும். தாள் தொலைந்திருந்தால், செய்த மருத்துவமனையில் நகல் கேட்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால் ஸ்கேனும் எஃப்.எஸ்.எச். பரிசோதனையும் வழிகாட்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி வரும் பணியாளர்கள் இந்த ஒரு கேள்வியையும் கேட்க அரசு ஏற்பாடு செய்யலாம். தங்கள் நாளிதழ் அந்த மூன்று எழுத்தைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி மட்டுமாவது வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மகளிர் நல மருத்துவர்கள் சிலர்,
திருச்சி