பரிபாடலுக்குப் பெருவெடிப்பு சாட்சி சொல்ல வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிரபஞ்சம் மிகச் செறிந்த, வெப்பமான நிலையிலிருந்து விரிந்து உருவானது என்னும் பெருவெடிப்புக் கொள்கையைச் சங்க நூலான பரிபாடல் அன்றே சொல்லிவிட்டது என்று வாதிடும் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். நாள்தோறும் பெருமாளைச் சேவிப்பவனும்கூட. இந்த இரண்டின் பொருட்டும் அந்த வாதத்தை மறுக்க வேண்டியிருக்கிறது.

கட்டுரையாளர் சான்று காட்டுவது கீரந்தையார் திருமாலைப் பாடிய இரண்டாம் பாடல். அதில் ஒரு பகுதி 'கருவளர் வானத்து இசையில் தோன்றி' என்று தொடங்கி வான், காற்று, தீ, நீர், நிலம் என ஊழி ஊழியாக விரிகிறது. எத்தனை முறை படித்தாலும் மெய்சிலிர்க்கும் பகுதி. ஆனால் அது சொல்வது ஐம்பூதங்களின் தோற்றம். இயற்பியல் சொல்லும் வரலாறு வேறு. சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன், பெருவெடிப்பை அடுத்த முதல் சில நிமிடங்களில் உருவான அணுக்கருக்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான். நீருக்கு வேண்டிய ஆக்சிஜனும் மண்ணுக்கு வேண்டிய சிலிக்கனும் இரும்பும் பின்னாளில் விண்மீன்களுக்குள் வெந்து உருவானவை. இரண்டையும் வரிக்கு வரி பொருத்த முயன்றால் பாட்டையும் வளைக்க வேண்டும், அறிவியலையும் வளைக்க வேண்டும்.

இந்த ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்னும் அறிவியல் முடிவு 'ஒளி உண்டாகுக' என்ற விவிலிய வாக்குக்குச் சாட்சியாக நிற்கிறது என்னும் பொருளில் பேசினார். அதைக் கேட்டு வருந்தியவர்களில் முதன்மையானவர் ஜார்ஜ் லெமைத்ர். பெல்ஜியத்துக் கத்தோலிக்கப் பாதிரியார். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் கணக்கிட்டுக் காட்டி, 1931-இல் பிரபஞ்சம் ஓர் 'ஆதி அணு'விலிருந்து தோன்றியது என்ற கருத்தை முன்வைத்தவரும் அவரே. தம் கொள்கைக்குப் போப்பே ஆதரவு தந்தபோது அவர் மகிழ்ந்திருக்கலாம். அவரோ, அந்தக் கொள்கை சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்பது என்றார். மறு ஆண்டு ரோமில் கூடிய வானியலாளர்களிடம் பேசியபோது போப் அந்த வாதத்தை மீண்டும் வலியுறுத்தவில்லை.

லெமைத்ரின் நிதானம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அன்று பெருவெடிப்பு நிலைபெற்ற கொள்கை அல்ல. பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்ற வானியலாளர் ஃபிரெட் ஹாயிலின் தரப்பும் வலுவாகவே இருந்தது. பெருவெடிப்பின் எச்சமாக விண்வெளி எங்கும் பரவியிருக்கும் பின்னணிக் கதிர்வீச்சு கண்டறியப்பட்டு 1965-இல் வெளியான பிறகுதான் தராசு சாய்ந்தது. ஒருவேளை மறுபுறம் சாய்ந்திருந்தால், அதோடு கட்டிவைத்த நம்பிக்கை என்ன ஆகியிருக்கும்? நாளை பெருவெடிப்புக் கொள்கையைத் திருத்தும் சான்று கிடைத்தால், கீரந்தையார் பாட்டையும் திருத்துவோமா? திருமாலுக்கு ஆய்வகத்தின் சான்றிதழ் தேவைப்படுகிறது என்று எண்ணுவதை ஒரு பக்தனாக என்னால் ஏற்க முடியவில்லை.

மாணவர்களுக்கு நேரும் கேடு இன்னும் பெரிது. எல்லாம் முன்பே சொல்லப்பட்டுவிட்டது என்று நம்பும் பிள்ளை, அந்தக் கதிர்வீச்சை எப்படி அளந்தார்கள் என்று ஏன் கேட்கப் போகிறது?

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பரிபாடலை முழுமையாக, பரிமேலழகர் உரையோடு வெளியிடுங்கள். பின்னணிக் கதிர்வீச்சைப் பற்றி ஒரு வானியலாளரிடம் தனிக் கட்டுரை கேட்டு வாங்குங்கள். இரண்டையும் வெவ்வேறு இதழ்களில் வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கும்பகோணம்