விஆர் கன்ட்ரோலருக்கு கிரிப் வாங்கறவங்க கலர பாக்காதீங்க, பட்டைய பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை இணைப்புல விஆர் ஹெட்செட் (கண்ணுல மாட்டிக்கிட்டு, கைல கன்ட்ரோலர பிடிச்சு கேம் ஆடற கருவி) பத்தி ஒரு முழு பக்கம் போட்டிருந்தீங்க, எது வாங்கலாம், என்ன கேம் விளையாடலாம், பசங்க கண்ணுக்கு ஏதாவது ஆகுமா எல்லாம் எழுதிட்டு கடைசில "கன்ட்ரோலருக்கு நல்ல கிரிப் கவர் ஒண்ணு வாங்கிக்கொள்ளவும்"னு ஒரே வரில முடிச்சுட்டீங்க. எந்த கிரிப் சார்? அங்கதான எல்லாரும் முழிக்கறாங்க. ஆன்லைன்ல தேடினா ஒரே மாதிரி கறுப்பு ரப்பர் உறை பக்கம் பக்கமா வருது, எல்லாத்துக்கும் நாலு ஸ்டார், எல்லாமே "ஆன்டி ஸ்லிப்".

என்னைய கேட்டா வெறும் ரப்பர் உறை காசுக்கு தண்டம். புறங்கைய சுத்தி ஒரு பட்டை வரணும், நக்கிள் ஸ்ட்ராப்னு சொல்றது, அது இருந்தாதான் கிரிப். பாக்ஸோட வர்ற மணிக்கட்டு கயிறு வேற, இது வேற. கயிறு என்ன பண்ணும்னா கை நழுவினா கன்ட்ரோலர் பறந்து போகாம தொங்க விடும், அவ்ளோதான். அதையும் முழுசா நம்ப முடியாதுங்கறதுக்கு நின்டெண்டோ கம்பெனியோட வீங்கற கேம் மெஷின் கதை இருக்கு. 2006ல அது வந்த புதுசுல ஜனங்க பவுலிங் போடற வேகத்துல கயிறு அறுந்து ரிமோட் நேரா டிவில போய் அடிச்சுது, அந்த டிசம்பர்லயே கம்பெனி 32 லட்சம் கயிற மாத்தி தர்றோம்னு சொல்லி 0.6 மிமீ கயித்துக்கு பதிலா 1 மிமீ கயிறு கொடுத்தாங்க, மறு வருஷம் அக்டோபர்ல ரிமோட்டுக்கு சிலிக்கான் ஜாக்கெட்டும் இலவசமா அனுப்ப ஆரம்பிச்சாங்க.

புறங்கை பட்டை இருந்தா நழுவற பேச்சே இல்ல, ஆனா நான் அத சொல்றதுக்கு காரணம் வேற. நிறைய கேம்ல நடுவிரல் பட்டன அழுத்தினா பொருள பிடிக்கறோம், விட்டா பொருள் போயிடும். பந்து எறியறப்ப நிஜத்துல நாம விரல விரிப்போம்ல, பட்டை இல்லாத கன்ட்ரோலர்ல அப்படி விரிக்க முடியாது, விரிச்சா கன்ட்ரோலர் போயிடும்னு உள்ளுக்குள்ள ஒரு பயம், அதனால மீதி விரலெல்லாம் இறுக்கி பிடிச்சுக்கிட்டே ஒரு விரல மட்டும் தூக்குவோம், அரை மணி நேரத்துல முழங்கை வரைக்கும் வலி. 2019ல வந்த வால்வ் இண்டெக்ஸ்ங்கற ஹெட்செட்டோட கன்ட்ரோலர்ல இந்த பட்டை கூடவே வந்துடுது, கைய முழுசா விரிச்சாலும் அது கைலயே ஒட்டிக்கிட்டு நிக்கும். மெட்டா கம்பெனியோட குவெஸ்ட் ஹெட்செட் வச்சிருக்கறவங்க அந்த சுகத்த தனியா காசு கொடுத்து வாங்கணும், அவ்ளோதான் விஷயம். பட்டைய மாட்டி வெல்க்ரோவ இழுத்துட்டு அஞ்சு விரலயும் விரிச்சு கைய தலைகீழா தொங்கவிட்டு பாருங்க, கன்ட்ரோலர் சுத்தாம நிக்கணும், அதே சமயம் கட்டைவிரல் நீட்டாமலே கன்ட்ரோலர் மேல இருக்கற குட்டி ஸ்டிக்க தொடணும். பசங்க கைக்கு வாங்கறீங்கன்னா வெல்க்ரோ எவ்ளோ சின்னதா இறுக்க முடியுதுன்னு முதல்ல பாருங்க, பல பட்டை பெரியவங்க கைக்குன்னே தச்சது.

அடுத்தது மாடல். குவெஸ்ட் 2 கன்ட்ரோலர்ல மேல ஒரு வளையம் இருக்கும், 2023ல வந்த குவெஸ்ட் 3ல அந்த வளையமே கிடையாது, ஒண்ணோட கிரிப் இன்னொண்ணுக்கு சேரவே சேராது. 2024ல வந்த குவெஸ்ட் 3எஸ்க்கு 3ல வர்ற அதே கன்ட்ரோலர்தான், அதனால அங்க பிரச்சனை இல்ல. "எல்லா குவெஸ்டுக்கும் பொருந்தும்"னு போட்டிருந்தா தாண்டி போயிடுங்க. கன்ட்ரோலருக்குள்ள கண்ணுக்கு தெரியாத இன்ஃப்ராரெட் லைட் வரிசையா இருக்கு, ஹெட்செட்ல இருக்கற கேமரா அத பாத்துதான் நம்ம கை எங்க இருக்குன்னு கண்டுபிடிக்குது. தடிமனான ரப்பர் அந்த லைட்ட மறைச்சா கேம்ல கை திடீர்னு எகிறி எங்கயோ போய் நிக்கும், நாம ஹெட்செட்ட திட்டிக்கிட்டு இருப்போம். ஹெட்செட் ஆன்ல இருக்கறப்ப போனோட செல்ஃபி கேமராவ கன்ட்ரோலர் மேல காட்டினா சில போன்ல அந்த லைட் மங்கலா ஊதாவா தெரியும், கவர் போடறதுக்கு முன்னாடி ஒருக்கா, போட்டதுக்கு அப்புறம் ஒருக்கா பாத்துக்கலாம். குவெஸ்ட் ப்ரோ கன்ட்ரோலர்னா இன்னும் உஷாரா இருக்கணும், அதுல கன்ட்ரோலர்லயே மூணு கேமரா, கவர் அதையும் மறைச்சுடக்கூடாது.

பேட்டரி மூடி சமாச்சாரம் ஒண்ணு. குவெஸ்ட் 2, 3 ரெண்டுலயும் ஒவ்வொரு கன்ட்ரோலரும் ஒரு ஏஏ பேட்டரிலதான் ஓடுது. சில கிரிப்ல பேட்டரி மாத்தணும்னா உறைய மொத்தமா உரிக்கணும், வேர்த்த கையோட அத திரும்ப மாட்டறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். பேட்டரி பக்கம் திறக்கற மாதிரி வெட்டு விட்டிருக்கறத வாங்குங்க. சார்ஜிங் டாக் (கன்ட்ரோலர உக்கார வச்சு சார்ஜ் ஏத்தற ஸ்டாண்ட்) வச்சிருக்கறவங்க கிரிப்போடயே அது டாக்ல உக்காருமான்னு கடைக்காரர கேட்டுடுங்க.

நம்ம ஊர் வேர்வைக்கு சிலிக்கான் பரவால்ல, தூசி ஒட்டும் ஆனா கழட்டி சோப்பு தண்ணில கழுவி காய வச்சுடலாம். லெதர் மாதிரி இருக்கற பியூ பட்டை பாக்க அழகு, ஆனா வேர்வைல ஊறி ஊறி பட்டையோட மேல்தோல் உரிஞ்சு வரும். கூடவே சீலிங் ஃபேன்! ஹெட்செட் காட்டற எல்லைக்கோடு சுத்தி இருக்கற இடத்துக்குதான், தலைக்கு மேல ஃபேன் சுத்தறத அது சொல்லாது. கை ஃபேன்ல இடிச்சா கன்ட்ரோலர் உடையக்கூடாதுன்னு கெட்டியான பம்பர் வச்ச கிரிப் வாங்கறாங்க, அதுக்கு பதிலா ஃபேன நிறுத்திட்டு ஓரமா ஒரு டேபிள் ஃபேன் போட்டுக்கலாம்.

டேபிள் டென்னிஸ் பேட் மாதிரி, கோல்ஃப் குச்சி மாதிரி வர்ற அடாப்டரெல்லாம் அந்த ஒரே கேம தினம் ஆடறவங்களுக்கு மட்டும்தான், மத்தவங்களுக்கு வேணாம்.

அடுத்த தடவ இந்த மாதிரி பக்கம் போட்டா கிரிப் எந்த மாடலுக்குன்னு ஒரு வரி சேத்துக்கோங்க சார், பட்டை போட்ட கைய விரிச்ச மாதிரி ஒரு போட்டோவும் போட்டீங்கன்னா கடைல போய் அத காட்டியே கேட்டுக்குவாங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
வேளச்சேரி, சென்னை