செயல்திட்டத்தை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும், பாடத்திட்டமும் மதிப்பீட்டு முறையும் வகுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம். நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியலும் கணிதமும் கற்பிக்கிறேன். செயல்திட்டவழிக் கற்றல், அதாவது மாணவர்கள் ஒரு வேலையைத் தாமே செய்து அதன் வழியாகக் கற்பது, எல்லா வகுப்புகளிலும் நடந்துகொண்டிருப்பதாக உங்கள் பதிவேடுகள் சொல்லும். அது எங்கே நடக்கிறது என்று ஆசிரியர்களைக் கேளுங்கள்: வீட்டுக் கூடத்தில், இரவு வெகுநேரம் கழித்து, பெற்றோரின் கையால்.

பாடம் முடிந்துவிடும். தேர்வு நெருங்கும். மதிப்பெண் பட்டியலில் செயல்திட்டத்துக்கான கட்டம் காலியாக இருக்கும். உடனே, திங்கட்கிழமைக்குள் ஒரு மாதிரி செய்துகொண்டு வாருங்கள் என்று அறிவிப்பு போகும். வந்து குவிபவை தெர்மக்கோல் சூரியக் குடும்பங்களும் சமையல் சோடா எரிமலைகளும்தான்.

அந்தச் சூரியக் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுக் கோள்களும் கிட்டத்தட்ட ஒரே அளவில், சம இடைவெளியில் கம்பியில் குத்தப்பட்டிருக்கும். பூமியை ஒரு சென்டிமீட்டர் உருண்டையாகச் செய்தால் வியாழன் 11 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். சூரியன் ஒரு மீட்டரைத் தாண்டும். இரண்டுக்கும் இடையே, அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் இடையே, ஏறத்தாழ 117 மீட்டர் விட வேண்டும். பிழையைக் கற்றுக்கொடுக்கும் ஒரு பொருளுக்கு, நேர்த்தியாக இருக்கிறது என்று பத்துக்கு ஒன்பது போடுகிறோம். இந்தக் கணக்கை மாணவர்களே போட்டு, மாதிரி மேசைக்குள் அடங்காது என்று கண்டு, மைதானத்துக்கு ஓடியிருந்தால் அது செயல்திட்டம். தெர்மக்கோலுக்கு வேலையே இருந்திருக்காது.

பள்ளிகளில் செயல்திட்டவழிக் கற்றல் என்ற சிந்தனையைப் பரவலாக்கியது 1918இல் அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் ஹெர்ட் கில்பாட்ரிக் எழுதிய கட்டுரை. அதற்கு முன்பும் தொழிற்கல்விக் கூடங்களில் செயல்திட்டம் உண்டு. ஆனால் கருவிகளைக் கையாளப் பழகிய பிறகு, பழகியதைக் காட்டும் கடைசி வேலையாக. கில்பாட்ரிக் அதை முன்னால் கொண்டுவந்தார். மாணவருக்கு ஒரு நோக்கம் இருக்க வேண்டும், அந்த நோக்கத்தோடு செய்யும் வேலையின் வழியாகவே கற்றல் நிகழ வேண்டும் என்றார். நாம் பேசுவது கில்பாட்ரிக்கின் பேச்சு. செய்வது பழைய பட்டறை வழக்கம். அதிலும், அந்தப் பட்டறை மாணவன் நாற்காலியைத் தன் கையாலேயே செய்தான்.

வகுப்பறைக்குள் நடப்பது எப்படி இருக்கும் என்பதற்கு, ஏழாம் வகுப்பில் நான் நடத்தும் ஒன்றைச் சொல்கிறேன். கேள்வி இதுதான்: பள்ளியில் சொட்டும் குழாய்களால் ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் வீணாகிறது? முதலில் ஆளாளுக்கு ஊகிக்கிறார்கள். ஒரு குவளை என்பவரும் உண்டு, ஒரு தொட்டி என்பவரும் உண்டு. அளந்தே தீர வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. சொட்டுகளை எண்ணுவதா, பாத்திரத்தில் பிடித்து அளப்பதா? எண்ணும் குழு, நொடிக்கு ஒன்று என்றால் நாளுக்கு 86,400 சொட்டுகள் என்று பெருக்கிவிட்டுத் திகைத்து நிற்கும். ஒரு சொட்டு எவ்வளவு என்று தெரியாதே! நூறு சொட்டுகளைச் சேர்த்து அளக்கலாம் என்ற யோசனை எப்படியும் யாரிடமாவது வந்துவிடும். ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 20 சொட்டுகள் என்று கிடைத்தால், நாளுக்கு நான்கு லிட்டருக்கும் மேல். பிடித்து அளந்த குழு வேறு எண்ணோடு வருகிறது. ஒரே குழாயை மூன்று முறை அளந்தாலும் மூன்று விடைகள். எரிச்சலடைகிறார்கள். சராசரியை நான் கற்பிப்பது அந்த எரிச்சலின் நடுவில்தான். அதற்கு முன்பே கற்பித்தால் கூட்டி வகுக்கும் வாய்பாட்டுக்கு மேல் அது எதுவும் இல்லை. இரவில் குழாயின் அழுத்தம் மாறினால் கணக்கு என்ன ஆகும் என்று ஒரு மாணவி கேட்டாள். பாடநூலில் இல்லாத நல்ல கேள்வி. அறிக்கை கடைசியில் பள்ளி நிர்வாகத்துக்குப் போகிறது. படிக்கப்போகிறவர் உண்மையான ஆள் என்று தெரிந்த பிறகு, இரண்டாம் வரைவு எழுதச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை.

பிள்ளைகளைத் தாமே கண்டுபிடிக்க விடுவது நேர விரயம் என்போர் உண்டு. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய கல்வி உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை அந்த எதிர்ப்பின் வலுவான வடிவம். புதிதாகக் கற்பவரின் செயல்நினைவு, அதாவது ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக் கையாளக்கூடிய அளவு, குறுகியது. வழி தேடுவதிலேயே அது தீர்ந்துபோனால் கற்பதற்கு இடம் இருக்காது என்பது அவர்களின் வாதம். எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் நல்ல செயல்திட்ட வகுப்பில் ஆசிரியர் ஒதுங்கி நிற்பதில்லை. கரும்பலகையில் நேரடியாகக் கற்பிக்கும் பத்து நிமிடங்கள் அடிக்கடி வரும், எப்போது வர வேண்டும் என்பதை வேலை தீர்மானிக்கும். அந்த வாதம் கச்சிதமாகப் பொருந்துவது வீட்டுக்கு அனுப்பும் செயல்திட்டத்துக்குத்தான். அங்கே வழிகாட்ட ஆளே இருக்காது. இருந்தால், எல்லாவற்றையும் தாமே செய்து முடித்துவிடுவார். அப்படி ஒருவர் வாய்க்காத பிள்ளைக்குக் குறைந்த மதிப்பெண். நாம் மதிப்பிட்டது பிள்ளையையா, வீட்டையா?

எனவே நேரம் கொடுங்கள். பருவத்துக்கு ஒரு செயல்திட்டம் போதும். அதற்கு வாரம் ஒருமுறை தொடர்ச்சியாக இரண்டு பாடவேளைகள் கால அட்டவணையிலேயே இருக்க வேண்டும். அதற்காக எந்தப் பாடப்பகுதியைக் குறைப்பது என்பதையும் நீங்களே எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஆசிரியர் தலையில் கட்டாதீர்கள். வளரறி மதிப்பீட்டில் (பாடம் நடக்கும்போதே வகுப்பில் செய்யும் மதிப்பீட்டில்) இறுதிப் பொருளுக்குள்ள மதிப்பெண்ணின் பெரும்பகுதியைக் குறிப்பேட்டுக்கும் வரைவுகளுக்கும் தனித்தனி வாய்மொழிக் கேள்விகளுக்கும் மாற்றுங்கள். நால்வர் குழுவில் ஒருவர் உழைத்து மூவர் பெயர் வாங்கியிருந்தால் இரண்டு நிமிடக் கேள்வியில் தெரிந்துவிடும். (விருந்தினர் வரும் நாளுக்காக நடத்தப்படும் கண்காட்சிகளைப் பற்றியும் எனக்குக் கருத்து உண்டு. அது தனி மடலுக்குரியது.)

எல்லா வகுப்புகளிலும் ஒரே ஆண்டில் வேண்டாம். பள்ளிக்கு ஒரு வகுப்பில் தொடங்குங்கள். ஆய்வுக்கு வரும்போது, செய்து வைத்திருக்கும் பொருள்களைப் பார்ப்பதற்கு முன் ஏதாவது ஒரு மாணவரை அழைத்து, குறிப்பேட்டில் அவர் அடித்துத் திருத்திய பக்கத்தைக் காட்டச் சொல்லி, ஏன் திருத்தினாய் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியர்