குரலில் மட்டும் கை வைக்காதே

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. பையன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழைய எண்டர்பிரைஸ், அந்த ஸ்டார் டிரெக் பொம்மை விண்கலம், வாய் திறக்க மறுக்கிறது, உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புது ஒலி எழுப்பும் எம்பி3 மின்பலகை ஒன்றை வைக்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. விளக்குகளை உன் இஷ்டத்துக்கு மாற்று, நானும் உதவிக்கு வருகிறேன். குரலில் மட்டும் கை வைக்காதே. ஏனென்று சொல்வதற்கு முன் வைத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பேட்டரி மூடியைத் திறந்து ஸ்பிரிங்கைப் பார். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் நோய் பெரும்பாலும் அங்கேதான். அல்கலைன் செல்லிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம். அதை அமிலம்தான் அடக்கும். பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் தேய், வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு. நுரைத்து அடங்கியதும் ஈரத்துணியால் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தடவிக் காயவிடு. இந்தக் கசிவு ஒயரின் உறைக்குள்ளேயே ஊர்ந்து போகும். வெளியே பளிச்சென்று இருக்கும் ஒயர் உள்ளே கறுத்து இற்றுப்போயிருக்கும். சந்தேகமிருந்தால் ஒயரை மாற்றிவிடு.

அடுத்தது ஸ்பீக்கர். அதன் இரண்டு முனைகளிலும் 1.5 வோல்ட் செல் ஒன்றை ஒரு கணம் தொட்டு எடு. டக்கென்று சத்தம் வந்தால் உயிர் இருக்கிறது. பொத்தானுக்கு அடியில் கார்பன் பூசிய ரப்பர் இருக்கும், அதையும் ஆல்கஹாலால் துடை. பலகையின் நடுவே கறுப்பாக உறைந்து கிடக்கும் பிசினுக்குள்தான் ஒலிச் சில்லு இருக்கிறது. அதைச் சுரண்டிப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம், அது போனால் போனதுதான்.

இனி காரணம். மகாத்மா காந்தி சாலை சண்டே மார்க்கெட்டில், பழைய இஸ்திரிப் பெட்டிகளுக்கும் ரிமோட்டுகளுக்கும் நடுவில், பெயர் அழிந்துபோன பொம்மை ராக்கெட் ஒன்று கிடைத்தது. பிரான்சில் உறவினர் இருக்கும் ஏதோ ஒரு வீட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். செல் போட்டுப் பொத்தானை அழுத்தினேன்: “சேங்க், கத்ர், த்ருவா” என்று கரகரத்த குரலில் பிரெஞ்சில் எண்ணத் தொடங்கியது! எதிர்வீட்டுச் சொல்தா தாத்தா, பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர், திண்ணையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். அன்று முதல் மாலையில் ஒருமுறையாவது அந்த எண்ணிக்கையைக் கேட்காமல் அவர் போவதில்லை. அந்த ராக்கெட்டுக்குள் தெளிவான ஒலி தரும் புதுப் பலகையை வைத்திருந்தால், புதுச்சேரியில் பிரெஞ்சு பேசும் ராக்கெட் எனக்கு மறுபடி எங்கே கிடைக்கும்? சில வினாடிகளை மட்டும் நெருக்கி அடைத்த சில்லு அது. கரகரப்பு அதன் பிறவிக் குரல். அதைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது ஸ்பீக்கர் வைத்த பிளாஸ்டிக் கூடு.

தெளிவான ஒலி வேண்டியே தீரும் என்றால், கார்டில் பதிந்த ஒலியை எழுப்பும் டிஎஃப்பிளேயர் மினி என்ற பலகையைக் கலத்தை நிறுத்தும் பீடத்துக்குள் வை. 32 ஜிபி வரை மைக்ரோ எஸ்டி கார்டு ஏற்கும். வேண்டிய மட்டும் உறுமவிடு. கலத்தைத் தூக்கிக் கையில் பிடித்தால் அதன் சொந்தக் குரல், பீடத்தில் வைத்தால் புதுக் குரல். காற்றே இல்லாத விண்வெளியில் ஓசை ஏது என்று உன் மருமகன் மறுபடியும் கேட்டால், அங்கே விளக்கின் ஒளிக்கற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்று சொல். இரண்டையும் எடுத்துவிட்டால் நாம் எதை வாங்குவது?

விளக்கு விஷயத்தில் நான் தாராளம். மூன்று செல் என்றால் 4.5 வோல்ட். வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட் போக மீதி ஒன்றரையை ரெசிஸ்டர் விழுங்க வேண்டும். 20 மில்லியாம்பியர் ஓடவிட 75 ஓம் போதும். நான் 150 ஓம் போட்டு மின்னோட்டத்தைப் பாதியாக்கிவிடுகிறேன். ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சம் மங்கலாக இருந்தால்தான் கலம் பெரிதாகத் தெரியும். கூசினால் டார்ச் லைட்டாகிவிடும். சிமிட்டும் விளக்குக்கு 555 டைமர் சில்லு: ரெசிஸ்டர் 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம், கெப்பாசிட்டர் 10 மைக்ரோஃபாரட், ஏறத்தாழ நொடிக்கு ஒரு சிமிட்டல். ஆனால் சாதாரண 555க்கு 4.5 வோல்ட்டே குறைந்தபட்சத் தேவை, செல் சற்றுத் தளர்ந்ததும் தடுமாறும். குறைந்த வோல்ட்டிலும் ஓடும் 7555 என்ற சிமாஸ் வகையை வாங்கு.

உண்மையான வேலை வெளிச்சத்தை அடைப்பதில் இருக்கிறது. எல்.இ.டி.யை உள்ளே வைத்து மூடிப் பார்த்தால், கலத்தின் சுவர் முழுவதும் பப்பாளிப் பழம்போல் ஒளிரும். அதனால் உட்புறத்தில் கறுப்புப் பெயிண்ட் இரண்டு பூச்சு, காய்ந்த பிறகு அதன் மேல் வெள்ளை. கறுப்பு ஒளியைத் தடுக்கும், வெள்ளை அதைச் சிதறடித்து எல்லா ஜன்னலுக்கும் பங்கிடும். இருட்டறையில் எரியவிட்டு, ஒளி கசியும் இணைப்புகளைத் தேடித் தேடி மறுபடி பூச வேண்டும். இதற்கு ஆகும் நேரத்தில் பாதிகூட சால்டரிங் வேலைக்கு ஆகாது. சிறு ஜன்னல்களுக்கு ஒளியைக் கொண்டுபோகும் ஒளியிழையைச் சூப்பர் குளூவால் ஒட்டாதே, இழை மொடமொடத்து ஒடியும். அதன் ஆவி கண்ணாடிப் பகுதிகளையும் வெளுக்க வைத்துவிடும். வெள்ளைப் பசையே போதும்.

இந்தப் பாடெல்லாம் அசலைச் செய்தவர்களும் பட்டதுதான். ஸ்டார் டிரெக் தொடருக்காகச் செய்த எண்டர்பிரைஸ் ஏறத்தாழ 11 அடி நீளம். இன்ஜின் முனையில் சுழலும் ஒளிக்கு அவர்கள் வைத்தது கிறிஸ்துமஸ் விளக்குகளும் கண்ணாடித் துண்டுகளும் ஒரு மோட்டாரும். ஒயர்கள் இடப்பக்கமாக வெளியே வந்ததால் அந்தப் பக்கத்தை அலங்கரிக்காமலே விட்டுவிட்டு, வலப்பக்கத்தை மட்டும் படமாக்கினார்கள். 1974 முதல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 2016இல் புதுப்பித்து வைத்தார்கள். ஆகவே உன் கலத்தின் ஒரு பக்கம் அவலட்சணமாகப் போனால் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வை, வெட்கமே வேண்டாம்.

பெட்டியைப் பிரிக்காமல் வைத்தால்தான் மதிப்பு என்று உன் சகலை சொன்னாராமே. 1977 கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் தயாராகாததால், அவற்றைச் செய்த கென்னர் நிறுவனம் பின்னால் அனுப்புவதாகச் சான்றிதழ் வைத்த அட்டை உறையையே விற்றது. அதுவும் விற்றது! அட்டையைக் கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும். நமக்குப் புதுப் பெட்டி எட்டாக்கனி: பொம்மைகளுக்கான இறக்குமதித் தீர்வை 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. என் சேகரிப்பெல்லாம் சண்டே மார்க்கெட் புண்ணியம். அவற்றையும், பெஞ்சல் புயல் கரை கடந்த 2024 நவம்பர் 30க்குப் பிறகு, அலமாரியின் கீழ்த்தட்டில் வைப்பதில்லை.

நீ திருவல்லிக்கேணியில் இருப்பதால், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு உனக்குக் கூப்பிடு தூரம். கால் மில்லிமீட்டர் ஒளியிழை ஒரு சுருள், 7555 சில்லு நான்கு, 150 ஓம் ரெசிஸ்டர் ஒரு பொட்டலம் வாங்கி வை. பணத்தை வந்ததும் தருகிறேன், வழக்கம்போல் வேண்டாம் என்று நடிக்காதே. பொங்கலுக்கு வரும்போது கலத்தையும் எடுத்துவா, செல்லைக் கழற்றிவிட்டு. இங்கிருந்து அப்படியே கடலூர் முதுநகர் அக்கா வீட்டுக்கும் போவதாக இருந்தால் இரண்டு நாள் முன்பே எழுது. உன் அண்ணி அவர்களுக்கு ஊறுகாய் ஜாடி ஒன்று அனுப்ப வேண்டுமாம்.

இப்படிக்கு,
உன் அன்பு நண்பன்